அந்தப் பொண்ணுக்குச் சாப்பாடு

அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருபது வருடம் ஓட்டியவள் நான். பொய் சொல்லும் பிள்ளையை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். அந்தப் பெருமையெல்லாம் போன மாதத்தோடு போயிற்று.

எங்கள் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு நுண்ணோக்கி. ஏழாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். வரிசையில் நின்று பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும். வகுப்பறைத் திட்டங்களுக்கு நிதியுதவி தரும் ஓர் அறக்கட்டளைக்கு இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டேன். பாடம், செய்முறை, பயன் என்று ஒழுங்காகத்தான் எழுதினேன். இரண்டு முறையும் 'வருந்துகிறோம்' என்று பதில் வந்தது.

"அழுத பிள்ளைக்குத்தான் பால் டீச்சர்" என்றார் கணக்கு வாத்தியார். "நீங்க பாடம் நடத்துற மாதிரி எழுதறீங்க. படிக்கிறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வர வேண்டாமா?"

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'இந்த உதவியால் பயன்பெறப் போகும் ஒரு மாணவரைப் பற்றிச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.' பெயர்தான் வேண்டாமே என்ற துணிச்சலில் கேள்விக்குறியைப் பற்றி எழுதினேன். ஓயாமல் 'ஏன் டீச்சர், எப்படி டீச்சர்' என்று கேட்பதால் வகுப்பே அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது. தாயில்லாப் பெண், இடது கையால் எழுதுபவள், தகப்பன் லேத் பட்டறைத் தொழிலாளி. இதுவரை உண்மை. அதற்கு மேல் என் கைவண்ணம். மதியம் வெறும் வயிற்றோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்றும், மகள் எந்த வகுப்பு என்பதுகூடத் தகப்பனுக்குத் தெரியாது என்றும் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறதே என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

அந்தத் தகப்பன் ஒரு பெற்றோர் கூட்டத்தைக்கூட விட்டதில்லை. பழைய நுண்ணோக்கியின் திருகு தேய்ந்துபோனபோது, வாங்கிக்கொண்டு போய்ப் பித்தளையில் புதிதாகக் கடைந்து பொருத்திக் கொடுத்தவரும் அவர்தான்.

பத்து நுண்ணோக்கிகள் வந்தன. திருகு செய்து தந்தவர் என்று மேடையில் ஒரு வார்த்தை சொல்லலாம் என்ற நினைப்பில், திறப்பு விழாவுக்கு நானே அவரை அழைத்தேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு, தேய்த்த சட்டையோடு முன் வரிசையில் உட்கார்ந்தார். அறக்கட்டளையிலிருந்து வந்த அம்மா மைக்கைப் பிடித்து, "எங்களை அழவெச்ச கடிதம் இது" என்று சொல்லி, நான் எழுதியதை முதல் வரியிலிருந்து வாசித்தார்.

'இடது கையால்' என்ற இடத்தில் நாற்பத்தொரு தலைகள் அவள் பக்கம் திரும்பின. 'தகப்பனுக்குத் தெரியாது' என்ற இடத்தில் அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. பூமிக்கு வேறு வேலை இருந்தது போலும். எல்லோரும் கைதட்டினார்கள்.

விழா முடிந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"ஏழாம் வகுப்பு, பி பிரிவு. எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார். "மதியச் சாப்பாடு நான்தான் கட்டிக் குடுக்கறேன். அவ சாப்பிடறதில்லையா? எங்க தப்புன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன்."

நான் வாய் திறக்குமுன் கேள்விக்குறி முந்திக்கொண்டாள். "அது நான் இல்லப்பா. டீச்சர் வேற ஒரு பொண்ணைப் பத்தி எழுதியிருக்காங்க. அப்படித்தானே டீச்சர்?"

பன்னிரண்டு வயதுப் பெண் எனக்குத் தப்பிக்க வழி விட்டாள். வெட்கம் கெட்டவள் நான், அந்த வழியிலேயே ஓடினேன். "ஆமாங்க, அது வேற பொண்ணு" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் கேள்விக்குறி என் மேசையில் ஒரு டிபன் பாக்ஸை வைத்தாள். "அப்பா குடுத்து விட்டார். அந்தப் பொண்ணுக்கு."

திறந்தேன். சோறும், ஓரத்தில் ஒரு முழு அவித்த முட்டையும். அவள் தன் பாக்ஸைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். அதில் பாதி முட்டைதான் இருந்தது. அன்று அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புது நுண்ணோக்கிகள் இருந்த பக்கமே போகவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் நான். இப்போது அந்தச் சோறே வந்து என் மேசையில் உட்கார்ந்திருந்தது. பள்ளி விட்டதும் அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தேன்.

லேத் ஓடிக்கொண்டிருந்தது. பாக்ஸைக் கையில் வாங்கியவர் அதன் கனத்திலேயே தெரிந்துகொண்டார். "அந்தப் பொண்ணு இன்னிக்கு வரலையா டீச்சர்?"

"அப்படி ஒரு பொண்ணே இல்லைங்க. நான் எழுதினது பொய்."

இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. லேத்தை நிறுத்தினார். பட்டறையில் இருந்த மற்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பச் சொல்லுங்க" என்றார்.

அந்த மூன்று பேருக்கும் கேட்கும்படி முதலிலிருந்து சொன்னேன். மகளைப் பற்றி எழுதியது, அவரைப் பற்றி எழுதியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ நேத்து என் பொண்ணு சொன்னதும் பொய்யா?"

"ஆமாங்க. எனக்காகச் சொன்னா."

டிபன் பாக்ஸைப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"அவ இதுவரைக்கும் எங்கிட்டப் பொய் சொன்னதில்லை டீச்சர்" என்றார்.