கார்டில் ஏறிய அரிசி

ரேஷன் கடைப் பலகையில் "அரிசி இருப்பு இல்லை" என்று சாக்பீஸால் எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது. தேவானைக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பலகை என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் தினமும் வேலைக்குப் போகிற வழியில் கடையை ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். பில் போடுகிற பஞ்சாட்சரம் தலையைத் தூக்காமலே கையை விரிப்பார். மழையில் லாரி வரவில்லை, நான் என்னம்மா செய்யட்டும் என்பார்.

தொண்ணூற்றேழாம் வருஷத்து ஐப்பசி மழை சென்னையில் எல்லோரையும்தான் படுத்தியது. அடையாற்றங்கரைக் குடிசைக்காரர்களைக் கொஞ்சம் கூடுதலாகவே படுத்தியது. தேவானையின் புருஷன் கபாலி பெயிண்ட் அடிக்கிறவன். ஈரச் சுவரில் யார் பெயிண்ட் அடிக்கச் சொல்வார்கள்? பாவம், மூலையில் குந்திக்கொண்டு பீடி பிடித்தான். மழைக்குப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் பிள்ளைகள் தமிழ்நிலாவுக்கும் பிரபுவுக்கும் மத்தியானச் சத்துணவும் போயிற்று. மேற்கு மாம்பலத்தில் ரெண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து அவள் கொண்டுவருவதை வைத்து வெளிக்கடையில் அரிசி வாங்கினால், நாலு வயிற்றுக்கு எத்தனை நாள் தாங்கும்? அதில் ஒரு வீட்டு ஜெயலக்ஷ்மி அம்மா மிஞ்சின சாதம் கொடுப்பார்கள். தினமும் மிஞ்சிவிடுமா என்ன!

இந்த மூன்று வாரமும் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது என்றால் அது சந்தையால்தான். மாம்பலம் ரயிலடிப் பக்கம் ஒரு காலி மனை. செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிகள் செவ்வாயும் வெள்ளியும் மின்சார ரயிலில் மூட்டையோடு வந்து, தரகர் யாரும் இல்லாமல் தாங்களே அங்கே கடை விரிப்பார்கள். கத்திரிக்காய், பரங்கி, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் கூறு கட்டி விற்பதுதான் அவர்கள் வழக்கம். ரேஷனில் அரிசி நின்றுபோன சேதி காதில் விழுந்ததும் அவர்களே கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்கு நாலைந்து கூறு ஒதுக்கி நடுவில் விரித்த சாக்கில் வைத்துவிடுவது. துரைராஜ் என்கிற பெரியவர் தன் நிலத்து நொய்யில் ஒரு மூட்டையைப் பக்கத்தில் இறக்கி வைப்பார். ரேஷன் கார்டைக் காட்டி, இந்த மாதம் அரிசி வாங்கவில்லை என்று தெரிந்தால், ஒரு கூறும் ஒரு படி நொய்யும் காசில்லாமல் கிடைக்கும். கிழங்கை அவித்து, நொய்யைக் கஞ்சி காய்ச்சி, எப்படியோ பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள் தேவானை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வரிசையில் நின்று கார்டை நீட்டினாள். துரைராஜ் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா இது? நேத்துத் தேதியில இருபது கிலோ அரிசி வாங்கியிருக்கன்னு போட்டிருக்குது. வாங்கிட்டு இங்கயும் வந்து நிக்கிறியே, நியாயமா?"

"ஒரு மணி அரிசி கூட வாங்கல நைனா. நேத்து கிருஷ்ணாயில் மட்டும்தான் ஊத்துனாங்க."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஊட்ல மூட்டைய வச்சிக்கினு இங்க வந்து நிக்குது பாரு என்று ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள். வேறு நாளாக இருந்தால் தேவானை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள். அன்றைக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. காலிப் பையோடு ஓரமாகப் போய் நின்றாள். வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்பது ஒன்றுதான் அவள் மனசில் ஓடியது.

அடுத்து நின்றவள் பக்கத்துக் குடிசை அஸ்மத்துன்னிசா. துரைராஜ் அவள் கார்டை வாங்கினார். அதே தேதி, அதே இருபது கிலோ, அதே கிறுக்கல் கையெழுத்து. மூன்றாவது கார்டை அவரே கேட்டு வாங்கினார், நாலாவதையும் வாங்கினார். முந்தின நாள் மண்ணெண்ணெய் வாங்கிய பதினோரு பேர் கார்டிலும் அரிசி ஏறியிருந்தது. மண்ணெண்ணெய்க்கு நீட்டிய கார்டில் பஞ்சாட்சரம் அரிசியையும் சேர்த்து எழுதிவிட்டார். என்ன எழுதினீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கடைக்கு அரிசி வந்துதான் இருக்கிறது, அவர் மூன்று வாரமாக விரித்துக் காட்டியதெல்லாம் வெறும் கை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

துரைராஜ் தேவானையைக் கூப்பிட்டு, அவள் பையைத் தானே வாங்கி முதலில் நிரப்பினார்.

"மன்னிச்சுக்கம்மா. எழுத்த நம்பி உன்ன நம்பாம போயிட்டேன்" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "நாங்க குடுக்கிறது ரெண்டு நாளைக்குத் தாங்கும். உங்க பேர்ல வந்த அரிசி அந்தக் கடையிலதான் கிடக்குது. அத விட்டுடாதீங்க."

மறுநாள் காலை அந்தப் பதினோரு பேரும் வேலையைப் போட்டுவிட்டு ரேஷன் கடை வாசலில் நின்றார்கள். பஞ்சாட்சரத்துக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆகவில்லை. முன்னால் நின்ற தேவானையை மட்டும் ஜாடை காட்டிப் பின்பக்கம் கூப்பிட்டார். அங்கே அறைக்குள் தார்ப்பாய்க்கு அடியில் மூட்டை மூட்டையாக அரிசி. உன் இருபது கிலோவை இப்போதே எடுத்துக்கொண்டு இந்த வழியாகவே போய்விடு, மாசாமாசம் உனக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன், மற்றவர்களைக் கிளப்பிவிடாதே என்று குழைந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு ஆசை வரத்தான் செய்தது. ஒரு மாசத்துக்குக் கவலையில்லை. வெளியே நிற்கிறவர்களில் பாதிப்பேர் நேற்று அவளைத் திருடி மாதிரி பார்த்தவர்கள்தானே, அவர்களுக்காக இவள் எதற்குப் பாவம் பார்க்க வேண்டும்? ஆனால் காலிப் பையோடு ஓரமாக நின்ற அந்தக் கொஞ்ச நேரம் அவள் நெஞ்சில் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. நேராக முன்பக்கம் போய், உள்ளே அரிசி இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். பதினோரு பேரும் கார்டை உயர்த்திக் காட்டினார்கள். தெருவே கூடி வேடிக்கை பார்க்க, பஞ்சாட்சரம் தராசை எடுத்து வைத்தார்.

சேதி பரவி வரிசை தெருமுனை வரை நீண்டுவிட்டது. மூட்டைகளில் பாதியை அவர் ஏற்கெனவே வெளியே விற்றுவிட்டதால் ஆளுக்குப் பத்து கிலோதான் தேறியது. தேவானை தன் முறை வந்ததும், என்ன எழுதினீர்கள் என்று படித்துக் காட்டச் சொன்னாள். பழைய இருபதை அடித்துவிட்டுப் பத்து கிலோ என்று எழுதியதை அவர் படித்துக் காட்டினார். ஆத்திரம் அடங்காமல், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்பவே எடுத்துக்கினு போயிருந்தா முழுசா இருபது கெடச்சிருக்கும். இப்ப பத்துதான். இன்னா லாபம் உனக்கு?"

தேவானை பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் பின்பக்கமா குடுத்தா அது பிச்ச சார். லைன்ல நிக்கிற எல்லாருக்கும் குடுத்தாதான் அது ரேஷன்."