மேல் கோட்டுக்கு மேலே

வண்டியின் பானெட் திறந்திருந்தபோது சுற்றி நின்றவர்கள்: வண்டியின் சொந்தக்காரரான அத்தான், கண் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு; அக்கா, கையில் பிழியாத துணியோடு; தெருவே ‘அவசரம்’ என்று கூப்பிடும் மெக்கானிக், வாழ்நாளில் எதற்கும் அவசரப்படாதவர்; அப்புறம் நான், அக்காவின் தம்பி. படிப்பைப் பாதியில் விட்டவன். குளிர்பதனக் கிடங்கில் பார்த்த ராத்திரி ஷிஃப்ட்டையும் பாதியில் விட்டவன். அத்தானுக்கு லைசென்ஸைப் புதுப்பித்துத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டதால் இந்த வண்டிக்கு டிரைவர் ஆனவன்.

அவசரம் இஞ்சின் மேலிருந்த ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அடிப்பக்கத்தைக் காட்டினார். தார் மாதிரி ஒன்று அப்பியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் கீறினார். கீறல் அப்படியே நின்றது.

“இது என்ன, சொல்லுங்க?”

“ஆயில்,” என்றார் அத்தான்.

“ஒரு காலத்துல ஆயிலா இருந்துச்சுண்ணே. இப்ப கசடு. காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்குனு ஒரு சத்தம் வருதுன்னீங்களே, அது இதாலதான். மேல ஏற வேண்டிய ஆயில் ஏற வழியில்லாம நிக்குது.”

“ஏறலன்னா?” என்று அக்கா கேட்டாள்.

அவசரம் இரண்டு கை விரல்களையும் ஒன்றோடொன்று கோத்து இறுக்கிக் காட்டினார். பிரித்துக் காட்டவில்லை.

எங்கள் வீட்டுக்கு அந்த இஞ்சின்தான் சோறு. ரிங் ரோட்டு ஃபிளாட்டுகளில் இருக்கும் நர்ஸுகளைக் காலையில் ஆஸ்பத்திரியில் விட்டு, சாயங்காலம் கூட்டிவர வேண்டும். அது ஒன்றுதான் நிரந்தரமான சவாரி. இஞ்சின் போனால் இந்த வண்டியை எடைக்குத்தான் போட வேண்டும். இன்னொன்று வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

“அடியில ஆயில் நிக்கிற சம்ப்பைக் கழட்டிக் கழுவலாம். ஆனா வண்டி ஒரு வாரம் என்கிட்ட நிக்கும்,” என்றார் அவசரம்.

“ஒரு வாரத்துல அந்தப் பொண்ணுங்க வேற வண்டி பிடிச்சிடுவாங்க,” என்றாள் அக்கா. “எதிர்த் தெரு டாக்ஸிக்காரன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறான்.”

“அப்ப உள்ளயே சுத்தம் பண்ற ஆயிலா ஊத்தி, ஓட ஓட மெதுவாக் கரைய விடணும். மெதுவான்னா மெதுவா. வருஷக்கணக்கா தேய்க்காத பல்லை ஒரே காலைல தேய்ச்சா பல்லு நிக்காது, ஈறுதான் கிழியும். கசடு கட்டி கட்டியாப் பேந்து வந்து அடியில இருக்கிற சல்லடைய அடைச்சுக்கிட்டா, அன்னைக்கே கதை முடிஞ்சுது.”

அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. “நான் ஓட்டின வரைக்கும் ஆயில் கறுக்கவே கறுக்காது. டிரம்லேர்ந்து அளந்து குடுக்கிற சாதா ஆயில்தான். எப்ப எடுத்துப் பாத்தாலும் தேன் மாதிரி நிக்கும்.”

“அழுக்கை எடுத்தாத்தானேண்ணே கறுக்கும்? உங்க ஆயில் அழுக்கோட சண்டை சச்சரவு இல்லாம குடித்தனம் நடத்தியிருக்கு.”

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எந்த ஆயில் என்று அவசரம் சொல்லவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் பெயரை மட்டும் சொன்னார். “வண்டியோட வந்த மேனுவல் புக்கைக் கையோட எடுத்துட்டுப் போ,” என்றார். தவறாகப் போனால் பழி என் தலையில் விழட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

கடைக்காரம்மா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பெல்ட்டுகளை அளவுவாரியாகக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள். இஞ்சினைச் சுத்தம் செய்கிற ஆயில், விலை கட்டுப்படியாக வேண்டும் என்றேன்.

“எல்லாருக்கும் அதுதான் வேணும். வண்டி எவ்வளவு ஓடியிருக்கு?”

“மீட்டர் எப்பவோ நின்னுபோச்சு.”

“வயசை மறைக்கிற வண்டி.” எழுந்து போய் மூன்று டின்களைக் கொண்டுவந்து வைத்தாள். “இது ஒசத்தி. தண்ணி மாதிரி இருக்கும். புது வண்டிக்கு ஜோரா இருக்கும். உன் வண்டில எங்க ஓட்டைன்னு தேடிப் போய் ஒழுகும். இது இளிச்சுக்கிட்டு நிக்குது பாரு, பளபளன்னு இஞ்சின் படம் போட்டு. விலை கம்மி. பின்னாடி திருப்பிப் படி.”

திருப்பினேன். ‘அதிவேக சுத்தம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. கிரேடு எண் பொடி எழுத்தில்கூட இல்லை.

“படத்துக்குக் குடுக்கிற காசு அது. இது மூணாவது. பகட்டு கிடையாது. சாதா ஆயில்தான், கழுவுற மருந்து கலந்திருக்கு. கிரேடு உன் புக்குல இருக்கிறதோட ஒத்துப் போகுதா பாத்துக்கோ. ஒத்துப் போனா எடு. இல்லன்னா வழி விடு.”

புத்தகத்தை விரித்து வைத்து எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். ஒத்துப் போனது. மறுபடி ஒப்பிட்டேன். எனக்குப் பின்னால் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

“கிடங்குல கணக்கெடுத்தவனா நீ?” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“அவசரம் போன்ல சொல்லிட்டாரு. சந்தேகப் பிராணி ஒண்ணு வருதுன்னு.”

அவருக்கு இதில் கமிஷன் உண்டா என்று கேட்டுவிட்டேன். கடைக்காரம்மா என்னை நிதானமாகப் பார்த்தாள். “உண்டு. வருஷத்துக்கு ஒரு காலண்டர்.” கிண்டலா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாவது டின்னையே எடுத்தேன். கூடவே இன்னொரு டின்னும் இரண்டு ஃபில்டரும் எடுக்க வைத்தாள். முதல் தடவை ஊற்றியதை, வழக்கமாக மாற்றும் தூரத்தில் பாதி ஓடியதுமே இறக்கிவிட வேண்டுமாம். விலை குறைந்த ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது, விலை உயர்ந்த ஆயிலை வருஷம் முழுக்க வைத்துக் கும்பிடுவதைவிட மேல் என்றாள்.

ஊற்றிய நாளிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு என்று ஒன்று உண்டு. ஆயில் மேலே ஏறாவிட்டால் சிவப்பாக எரியும். அது எரியவில்லை. எரியாத விளக்கையே பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

“அண்ணா, நடுவுல ரோட்டையும் ஒரு பார்வை பாருங்க,” என்றாள் முன்சீட்டு நர்ஸ். “எமர்ஜென்சிக்கு நாங்க வேலைக்குத்தான் போறோம். படுக்கப் போகல.”

பின்சீட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஜன்னலை இறக்கி டிக் டிக் சத்தத்தைக் கேட்டேன். குறைந்த மாதிரி இருந்தது. பஸ் இரைச்சலில் அப்படித் தோன்றியிருக்கவும் கூடும். காலையில் சாவியைத் திருப்பும் முன் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அது ஒரு மெல்லிய கம்பி. நுனியில் கீழ் கோடு, மேல் கோடு என்று இரண்டு கோடுகள். ஆயில் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். வீட்டை ஒட்டிய ஷெட்டை விட்டு வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், இன்னொரு தடவை பார்த்த நாளும் உண்டு.

ஒரு வாரத்துக்குள் ஆயில் கறுத்துவிட்டது. சாப்பிடும்போது சொன்னேன்.

“பாத்தியா?” என்றார் அத்தான்.

“கறுக்கணும்னுதான் சொன்னாங்க, அத்தான். அழுக்கு இறங்குதுன்னு அர்த்தம்.”

“இன்னும் எத்தனை நாள் இழுக்குமாம்?”

“ரெண்டு மூணு மாசம் ஆகும்.”

“மூணு மாசம்.” தட்டில் விரல்களால் தேடி ஊறுகாயை எடுத்தார். “நாங்கல்லாம் ஒரே மத்தியானத்துல முடிப்போம், மாப்ள.”

அக்கா பேச்சை மாற்றினாள். அத்தானின் கண்ணைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் யாராவது பேச ஆரம்பித்தால் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதுதான் வீட்டில் எல்லாரும் சொல்வது. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

ராத்திரி வேலையை விட்டேனே ஒழிய, பகல் தூக்கம் என்னை விடவில்லை. காலைச் சவாரி முடிந்து வந்தால் சாயங்காலம்வரை பிணம் மாதிரி கிடப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சவாரி இல்லாத நாள், மத்தியானத் தூக்கத்தில் ஷெட்டுப் பக்கம் பானெட் விழுந்து மூடும் சத்தம் கேட்டது. கனவிலும் இந்த வண்டிதானா என்று திட்டிக்கொண்டே புரண்டு படுத்தேன்.

மறுநாள் காலையில் டிப்ஸ்டிக்கை உருவினேன். துடைத்துவிட்டு மறுபடி செருகி எடுத்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி, ஒரு விரல் உயரம் நின்றது.

ஆயில் குறையும், அது இயற்கை. தானாக ஏறாது. ஏறினால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம், இஞ்சினையே பிளக்க வேண்டிய சமாச்சாரம். ஆனால் தண்ணீர் கலந்தால் பால் விட்ட டீ மாதிரி வெளுத்துப்போகும் என்று அவசரம் சொல்லியிருக்கிறார். இது கறுப்பாகவே இருந்தது, நீர்த்துப்போய்க் கம்பியில் ஓடியது. முகர்ந்தேன். டீசல். எங்கள் வண்டி பெட்ரோல் வண்டி.

ஷெட் மூலையில், கருவிகளைக் கழுவுவதற்கென்று டீசல் கேன் ஒன்று வைத்திருந்தோம். தூக்கினேன். காலி. மூடி கோணலாகத் திருகியிருந்தது.

போன் அடித்தது. முன்சீட்டு நர்ஸ். “அண்ணா, கீழ இறங்கிட்டோம்.”

அக்கா ஷெட் வாசலில் வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் முதலில் வந்தது சவாரிதான். “ஒரு நடை போயிட்டு வந்து பாத்தா ஆகாதாடா? ரெண்டு பக்கமும் சேத்து அரை மணி நேரம்தானே?”

எனக்கும் அதுதான் தோன்றியது. சாவி ஏற்கெனவே ஓட்டையில் தொங்கியது. இவ்வளவு டீசலும் அத்தனை வருஷத்துக் கசடும் சேர்ந்து சூடாகிப் புரண்டால் பாலத்தின் நடுவில் அந்தச் சிவப்பு விளக்கு எரியும். எரியாமலும் போகலாம். யாரைக் கேட்டாலும் உத்தரவாதம் கிடைக்காது. நான் சாவியை உருவினேன். எதிர்த் தெரு டாக்ஸிக்காரனுக்கு நானே போன் போட்டு, ரிங் ரோட்டில் நர்ஸுகள் நிற்கிறார்கள், இன்றைக்கு ஒரு நாள் கூட்டிப்போ என்றேன். அவன் இரண்டாவது தடவை சொல்ல வைக்கவில்லை.

“நீயே தட்டுல வச்சுத் தூக்கிக் குடுத்துட்டியே,” என்றாள் அக்கா.

அத்தான் சுவரைத் தொட்டபடி ஷெட்டுக்குள் வந்தார். “என்ன, வண்டி இன்னும் கிளம்பல?”

“டீசல் ஊத்துனீங்களா, அத்தான்?”

“கொஞ்சம்தான். அந்தக் காலத்துல எல்லாரும் செய்றது. ரெண்டு நடை ஓடிட்டு வந்தா மொத்தமும் கரைஞ்சிருக்கும், அப்புறம் இறக்கிக்கலாம். உனக்குத்தான் வேலை மிச்சம்.”

“கேன் காலியா இருக்கு.”

“பாத்துப் பாத்துத்தான் ஊத்தினேன். நேத்து எடுத்துப் பாத்தப்ப மேல் கோட்டுக்குக் கீழதான் இருந்துச்சு.”

நான் செய்தது நல்ல காரியம் என்று சொல்ல மாட்டேன். டிப்ஸ்டிக்கைப் பழந்துணியில் அழுத்தித் துடைத்தேன். கம்பி காய்ந்து வெள்ளையாகப் பளிச்சிட்டது. அதை அவர் கையில் கொடுத்தேன்.

“இப்ப எங்க நிக்குது?”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கம்பியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, தலையைச் சாய்த்து, கிட்டத்தில் வைத்து, தள்ளி வைத்துப் பார்த்தார். நகத்தால் நுனியைத் தடவினார்.

“நடுவுல இருக்கு,” என்றார். “சரியாத்தான் இருக்கு. நீ சும்மா பயந்து சாகாத, மாப்ள.”

அக்கா கம்பியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவசரம் வழக்கம்போல் ஆடி அசைந்து வந்தார். அடியில் படுத்து நட்டைக் கழற்றினார். கறுப்புத் தண்ணீர் தட்டில் கொட்டியது. விரலை விட்டுத் துழாவி, உளுந்து அளவில் இரண்டு கட்டிகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “ஸ்டார்ட் பண்ணியா?”

“இல்ல.”

“ஒரு தடவைகூட?”

“இல்லண்ணே.”

புது ஃபில்டரை மாட்டி, இரண்டாவது டின்னை ஊற்றினோம். சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பிறகு அணைந்தது. டிக் டிக் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு அடங்கியது. அவசரம் பானெட்டில் காதை வைத்துக் கேட்டார்.

“பொழச்சுதா?” என்றேன்.

“இன்னைக்குப் பொழச்சுது. உள்ள என்ன ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு எனக்குத் தெரியாது. காதைத் தீட்டி வச்சுக்கிட்டு ஓட்டு. இன்னொரு தடவை இப்படி நடந்தா என்னைக் கூப்பிடாத, பழைய இரும்புக்காரனைக் கூப்பிடு.”

டாக்ஸிக்காரனுக்குச் சாயங்காலம் வர வேண்டாம் என்று போன் போடுமுன் முன்சீட்டு நர்ஸுக்குப் போட்டேன். சாயங்காலம் நானே வருகிறேன் என்றேன். “வாங்கண்ணா. அந்த ஆளு ஓயாம பாடுறாரு,” என்றாள். போனேன். வந்தேன். விளக்கு எரியவில்லை.

ஷெட்டில் வண்டியை விட்டு இறங்கியபோது அத்தான் உள்ளே மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“சூடு அளவாத்தான் இருக்கு,” என்றார்.

“ஆமா, அத்தான்.”

அந்த ஷெட் கதவுக்கு அதுவரை வெறும் கொண்டிதான். மத்தியானம் அக்கா அலமாரியிலிருந்து ஒரு பூட்டை எடுத்து, சாவியோடு என் சட்டைப் பையில் போட்டிருந்தாள். அதை வெளியே எடுத்தேன். இரும்புச் சத்தம் கேட்டு அவர் தலையைத் திருப்பினார்.

“என்னது அது?”

“பூட்டு.”

“எதுக்கு?”

“தெருவுல திருட்டு ஜாஸ்தியா இருக்காம்.”

“இந்த வண்டியையா திருடுவான்?” பானெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. “சாவி எத்தனை இருக்கு?”

“ஒண்ணுதான்.”

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “டீ ஆறிடும், வா,” என்றார், யாருக்கோ சொல்வது மாதிரி. வாசல் சரிவைக் காலால் தேடி, ஒவ்வொரு அடியாக இறங்கினார். அவர் சரிவைத் தாண்டியதும் கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியைப் போட்டுப் பூட்டினேன்.