பச்சைக் கட்டத்தில் ஒரு வீட்டு ஆள்

எங்கள் கம்பெனி செய்வது ஒரு லைப்ரரி. வீட்டுக்குள் யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று காலடி அதிர்வை வைத்துச் சொல்லும் நிரல்களின் தொகுப்பு. மற்றவர்கள் அதை வாங்கித் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள் படிக்க வேண்டிய விளக்கப் பக்கங்களைத் தயாரிப்பது என் வேலை. நிரலுக்குள்ளேயே குறிப்புகள் இருக்கும். ஒரு கருவியை ஓடவிட்டால் அவற்றைப் பொறுக்கி எடுத்து இணையப் பக்கங்களாக்கிவிடும். எழுத்தின் அளவு, ஓரத்து இடைவெளி, வண்ணம் ஆகியவை மட்டும் என் கைவேலை. எடுத்துக்காட்டுகளைக் கருவி அப்போதே உண்மையாக ஓட்டிப் பார்த்து, வரும் விடையைக் கீழே ஒரு பச்சைக் கட்டத்தில் போடும். கையால் எழுதிய விடை என்றாவது பொய்யாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

ஓட்டிப் பார்க்க ஒரு நிஜ வீடு வேண்டுமே. தங்கையும் நானும் மட்டும் இருக்கும் எங்கள் வீட்டைக் கொடுத்தேன். அறைக்கு ஒன்றாக அதிர்வை உணரும் பெட்டி வைத்து, எங்கள் இருவர் நடையையும் பதிந்துகொண்டார்கள்.

வெளியீட்டுக்கு முந்தின நாள் மதியம், தலைப்பின் நீலம் கண்ணைக் குத்துகிறதென்று கொஞ்சம் மங்கலாக்கிப் பக்கங்களை மறுபடி எடுத்தேன். நீலம் நன்றாக வந்திருந்தது. பச்சைக் கட்டத்தில், 'தையலறை: தங்கை, வீட்டு ஆள்' என்றிருந்தது.

தங்கை வீட்டிலேயே துணி தைப்பவள். அவள் அங்கிருப்பது சரி. பதியாத ஒருவர் வந்தால் 'வெளி ஆள்' என்றுதான் வரும். அதே நடை வாரக்கணக்கில் அந்தத் தரையில் புழங்கினால்தான் லைப்ரரி அவரை 'வீட்டு ஆள்' என்று மாற்றிக்கொள்ளும்.

அந்தப் பகுதியை எழுதியவன் பக்கத்து மேசைக்காரன். எந்தப் பேச்சையும் முடிக்காமல் இழுப்பான் என்பதால் அரைப்புள்ளி என்று பெயர். காட்டியபோது, உங்க வீட்டு எலி கொழுத்துப்போச்சு போல என்று சிரித்தான். பிறகு சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டினான். எல்லாம் தேறின. சிரிப்பு போய்விட்டது.

"பிழைன்னா நாளைக்கு வெளியீடு போச்சு. பிழை இல்லன்னா..."

முடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

தங்கைக்குப் போன் போட்டேன். திரைச்சீலைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். யாராவது வந்தார்களா என்றதற்கு, இந்த வெயிலில் எவள் வருவாள் என்று அலுத்துக்கொண்டாள். அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டுப் பக்கத்தை மறுபடி எடுத்தேன். 'சமையலறை: தங்கை, வீட்டு ஆள்.' கூடத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். கூடத்திலும் அப்படியே.

காரணத்தைச் சொல்லவில்லை. பயந்தால் கைகால் ஓடாமல் அங்கேயே உட்கார்ந்துவிடும் சுபாவம் அவளுக்கு. வீட்டைப் பூட்டிக்கொண்டு உடனே இங்கே வா என்றேன்.

"என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வாடி, வந்ததும் சொல்றேன்."

அவள் பஸ் ஏறிவிட்டதாகச் சொன்ன பிறகு கருவியை ஓடவிட்டேன். எல்லா அறைக்கும் நேரே 'யாரும் இல்லை'.

அரைப்புள்ளி நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டான். "பாத்தீங்களா, வீடு காலி. இந்தப் பக்கத்தையே வெளியிட்டுடலாம். பாக்கவும் லட்சணமா இருக்கு."

லட்சணமாகத்தான் இருந்தது. வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, பிசிறில்லாமல். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பியவள் ஒருத்தி. வீட்டில் குறைந்ததோ இரண்டு பேர்.

படிகளில் இறங்கி வாசலுக்கு ஓடினேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டே நிறுத்தம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் வந்துகொண்டிருந்தாள், வெயிலுக்குத் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். கதவைத் தள்ளி உள்ளே வந்தவள் அதை விட்டுவிடவில்லை. ஒரு கையால் திறந்தபடியே பிடித்துக்கொண்டு, சற்று ஒதுங்கி, வழிவிட்டு நின்றாள். பின்னால் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பிறகு கதவை மெதுவாக விட்டாள்.

"யாருக்குடி பிடிச்சுக்கிட்டு நின்ன?"

அவள் தன் கையையே பார்த்தாள்.

"தெரியலக்கா. கொஞ்ச நாளாவே இப்படித்தான் வருது."