சுவரைப் பார்த்த திரை

எங்கள் ஆய்வகத்தில் எவரும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு: மின்முனை வலையைத் தலையில் அணிந்தவருக்கு அவருடைய மூளையலைகளைக் காட்டுவதில்லை. சோதனை அறையிலிருந்து அவர் வெளிவரும்போது திரை சுவரைப் பார்த்திருக்கும். அவருக்குக் கிடைப்பது காபியும் ஏலக்காய் ரொட்டியும் மட்டுமே.

தௌனோ, துர்க்கு நகரத் தடத்தில் ரயில் ஓட்டியவர். சென்ற பனிக்காலத்தில், தண்டவாளக் கடவையில் சிக்கி நின்ற கார் மீது அவருடைய ரயில் மோதியது, காரிலிருந்தவர் பிழைக்கவில்லை. எவ்வளவு விரைந்து பிரேக் போட்டிருந்தாலும் ரயில் நின்றிருக்காது என்றது விசாரணை. ஆனால் மோதலுக்கு முந்தைய நொடிகள் அவர் நினைவில் இல்லை. தாம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோமா என்பது மட்டுமே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. கவனம் குறித்த எங்கள் ஆய்வுக்கு அவர் தாமாக வந்தது அதற்காகவே.

உதவியாளர் சைலா வலையைப் பொருத்தினாள்.

"வலையைப் போட்டாச்சு. மீன் இருக்கான்னு பாரும்மா" என்றார் தௌனோ.

"அசையாம இருந்தாத்தான் சிக்கும்."

"இந்த ஏரி அடிவரைக்கும் உறைஞ்சு கிடக்கு" என்றார். சிரிக்கவில்லை.

சோதனை அறையில் எண்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும். மூன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நெடுநேரம் பிசகாமல் அழுத்தினார். பிறகு ஒரு மூன்றுக்கும் அழுத்தினார்.

வெளியே வந்ததும் பேராசிரியர் ஹில்லெவி கோப்பையை நீட்டினார். "ரொம்ப நன்றி தௌனோ. சூடா குடிங்க."

"நடுவுல ஒரு மூணுக்கு அழுத்திட்டேன்."

"எல்லாரும் பண்றதுதான்."

"அந்த நேரத்துல நான் எங்க இருந்தேன்?"

பால் இருக்கிறதா என்று விசாரிப்பவரின் குரல் அது. ஹில்லெவி ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். நான் என் கோப்பைக்குள் பார்த்தேன்.

சைலா எழுந்தாள்.

"சைலா, வேண்டாம்" என்றார் ஹில்லெவி.

அவள் திரையைத் தௌனோவின் பக்கம் திருப்பினாள்.

"இங்கதான் அழுத்துனீங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி பாருங்க, பின்மண்டை அலை பெருசாகிட்டே வருது. கண்ணு திறந்துதான் இருக்கு, கவனம் இல்லை. போனது உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. எனக்கும் இப்படித்தான் வரும். அன்னைக்கு என்ன ஆச்சுன்னு இதை வச்சுச் சொல்ல முடியாது, தௌனோ. ஆனா இது உங்க தலை. நீங்க பார்க்கணும்."

மின்முனைப் பசை உலராத தலையோடு அவர் நாற்காலியைத் திரைக்கருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.