அறுபத்திரெண்டும் ஒரு பஸ் டிரைவரும்

மாநிலம் முழுக்க ஒரே நாளில் நடந்த பொதுத் தேர்வின் அறிக்கை வீட்டுக்கு வந்ததிலிருந்து பஸ் டிரைவர் உம்மென்றே இருந்தார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் கணக்கில் 62 என்று போட்டிருந்தது.

"நூத்துக்கு அறுபத்திரெண்டா? என் மானமே போச்சு!" என்று மூன்று நாளாக அவளைத் துளைத்தெடுத்தார். டிவி ரிமோட் அலமாரி உச்சிக்குப் போனது.

"அது மார்க் இல்லப்பா" என்று அவள் சொன்னது காதில் ஏறவேயில்லை.

சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். குழந்தைகள் நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தவர், கணக்கு டீச்சர் வாயைத் திறக்குமுன் எழுந்துவிட்டார்.

"இந்த அறுபத்திரெண்டுக்கு என்ன பதில் சொல்றீங்க டீச்சர்?"

"சந்தோஷப்படுங்கன்னு சொல்றேன். இந்த மாநிலத்துல அஞ்சாவது படிக்கிற பிள்ளைங்கள்ல நூறு பேர வரிசையா நிறுத்தினா, அறுபத்திரெண்டு பேர் உங்க பொண்ணுக்குப் பின்னாடி நிப்பாங்க. அதுதான் அந்த எண்."

"பின்னாடியா?"

"பின்னாடிதாங்க. இதுல பாஸ், ஃபெயில் கிடையாது. எது புரியலன்னு நாங்க தெரிஞ்சுக்கத்தான் இந்தத் தேர்வு. பாதி வகுப்புக்குப் பின்னம் புரியல. அது என் குறை. திரும்ப நடத்தப் போறேன்."

டிரைவர் மெல்ல உட்கார்ந்தார். டீச்சர் விடவில்லை. பெற்றோருக்கெல்லாம் மாதிரி வினாத்தாளைக் கொடுத்து, "பத்தே கேள்வி, நீங்களும் போட்டுப் பாருங்க" என்றார்.

டிரைவருக்கு நாலுதான் சரி. மூன்றுக்கு விடை தெரிந்தும், வட்டத்தை நிரப்பாமல் கம்பீரமாக டிக் அடித்துவைத்திருந்தார்.

"தாளத் திருத்துற மெஷினுக்கு டிக் தெரியாதுங்க" என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் மகள் முன்னால் போய் நின்றார். "உன்ன சும்மா வாட்டி எடுத்துட்டேன்மா. நீ சொன்னதுதான் சரி. அப்பாவுக்குத்தான் தெரியல."

அவள் அவர் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். அந்த டிக்குகள் மீது விரலை ஓட்டினாள். பிறகு வாய்விட்டே சிரித்துவிட்டாள். இருவரும் தரையில் உட்கார்ந்து, அவர் கோட்டைவிட்ட பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டினார்கள். அரை மணி நேரமாகியும் அது மசியவில்லை.

ஈரத் துணிக் கூடையோடு அந்தப் பக்கம் வந்த அம்மா, குனிந்து இரண்டே வரியில் கணக்கை முடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

"அடுத்த கூட்டத்துக்கு அம்மாவையே அனுப்பலாம்பா" என்றாள் மகள்.