கழுத்தைத் திருப்பிய மாத்திரை

என் மாமியார் சுந்தரவல்லி மிச்சமான மாத்திரையை ஒருநாளும் தூக்கிப் போடமாட்டார். எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். பள்ளிக்கரணைக் கல்யாணச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போனபோது அந்த டப்பாதான் திறந்தது. "வாந்திக்கு இது" என்று ஒரு அட்டையை நீட்டினார். படித்த முட்டாள் நானும் பெயரைக்கூடப் பார்க்காமல் காலையும் மதியமும் விழுங்கினேன்.

வாந்தி நின்றது. சாயங்காலம் கழுத்து இடப்பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது.

"சுளுக்குதான், உருவி விட்டா சரியாயிடும்" என்று மாமியார் தைலத்தோடு வந்தார். நான் போட்ட கத்தலில் ஆட்டோ பிடித்தோம்.

இரும்புலியூர் கிளினிக்கில் டாக்டர் அட்டையைப் பார்த்தார். "இது மூளையில டோபமைன்ங்கற ரசாயனத்தைத் தடுத்து வாந்தியை நிறுத்தும். சில பேருக்கு இப்படி சதையை இழுத்துரும். செரட்டோனினைத் தடுக்கற வேற வகை வாந்தி மாத்திரைன்னா தலைவலி, மலச்சிக்கல் வரலாம். அதுல கழுத்து திரும்பறது ரொம்ப அபூர்வம்."

ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது.

"இது என்ன ஊசி டாக்டர்?" என்று கேட்டேன்.

"அலர்ஜி மருந்து. சதை இழுப்பையும் தளர்த்தும். இதையும் வாந்திக்குக் குடுப்போம். ஆனா தூக்கம் வரும்."

வந்தது. ஆட்டோவிலேயே தூங்கி, வீட்டில் படுக்கையில் விழுந்தேன். கண் விழித்தபோது மாமியார் பிஸ்கட் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். உள்ளே அதே அட்டை.

"அதை இன்னும் தூக்கிப் போடலையா?" என்று கத்தினேன்.

"உனக்குத்தானே ஆகலை?" என்றார் நிதானமாக. "என் பையன் கிரீஷுக்கு ஆகும்."