போதும் மகனே

விமர்சகர் சாத்லியின் பத்துப் படப் பட்டியல் பத்திரிகையில் வருகிற நாள், துனிசியாவின் மஹ்தியா ஊர்த் திரைப்படக் கழகத்தாருக்கு இன்னொரு பெருநாள் மாதிரி. அடுத்த பட்டியல் வரும்வரை அடித்துக்கொள்வதற்கு அவர்களுக்கு வேறு காரணம் தேவைப்படாது. போன வருடம் அவர் ஆறாவது இடம் கொடுத்த படத்தைக் கழகச் செயலாளர் லுத்ஃபி இன்னும் மன்னிக்கவில்லை. காப்பிக் கடையில் யாராவது அந்தப் படத்தின் பேரை எடுத்தால், குடித்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இந்த வருடம் முதல் இடம் அவர்கள் ஊருக்கே கிடைத்திருந்தது. 'திரும்பாத படகு' என்ற ஆவணப்படம். இத்தாலிக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று படகேறிக் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றியது. முழுக்க மஹ்தியாவிலேயே எடுத்தது. அதில் ஒரே ஒரு காட்சியைப் பற்றி சாத்லி ஒரு பத்தி எழுதியிருந்தார். 'கடலைப் பார்த்து நின்ற ஒரு தாய் திரும்புகிறாள். போதும் மகனே என்கிறாள். இரண்டே சொல்லில் தன் பிள்ளையைக் கடலிடம் ஒப்படைத்துவிடுகிறாள். இந்த ஆண்டின் சினிமா முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டது.'

கழகத் தலைவி தோர்ஸாஃப் அதை இரண்டு முறை படித்தாள். மீன் சந்தைக்குப் பக்கத்து மருந்துக் கடை அவளுடையது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கடைக் கண்ணாடியில், வருகிறவர் போகிறவர் படிக்கும்படி ஒட்டினாள். ஊர் படித்தது. அந்தத் தாய் யார் என்று ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை மப்ரூக்கா ஒரு பையோடு கடைக்குள் வந்தாள். ரத்த அழுத்த மாத்திரைக்கு வருகிறவள்தான். ஆனால் சீட்டை எடுக்காமல், பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலங்களையும் காப்பித்தூளையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். சாவு வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுக்கிற சாமான்கள் அவை.

"நேத்து சாயங்காலத்துலேருந்து ஒருத்தி மாத்தி ஒருத்தியா வர்றாளுங்க. கட்டிப் பிடிச்சு அழறாளுங்க. 'மர்ஹூம் நிஸாருக்கு அல்லாஹ் சொர்க்கத்தைக் குடுக்கட்டும்'ங்கறாளுங்க. என் புள்ளய மர்ஹூம்னு உங்களுக்கு யாருடி சொன்னதுன்னு கேட்டா, நீங்களேதான படத்துல சொல்லிட்டீங்கங்கறாளுங்க." மப்ரூக்கா கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தை மோவாயால் காட்டினாள். "நான் அதுல என்னடி சொன்னேன், தோர்ஸாஃப்?"

மர்ஹூம் என்பது இறந்தவர்களின் பேருக்கு முன்னால் சேர்க்கிற சொல். நிஸார் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. சேதியும் இல்லை, உடலும் இல்லை. அந்தச் சொல்லை மட்டும் தன் வீட்டு வாசற்படி ஏற விடாமல் அவள் இதுவரை காத்து வந்திருந்தாள்.

தோர்ஸாஃப் பத்தியைப் படித்துக் காட்டினாள். கேட்கக் கேட்க மப்ரூக்காவின் முகத்தில் அழுகை வரவில்லை. திகைப்புதான் வந்தது.

"அது அந்தக் கேமராக்காரப் புள்ளகிட்டல்ல சொன்னேன்" என்றாள். அன்றைக்குக் கடற்காற்று எலும்பைத் துளைத்ததாம். பையன் மெல்லிய சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தானாம். கை நடுங்கி, கேமராவே ஆடியதாம். அதனால் போதும் மகனே, உள்ளே வந்து சூடாக ஏதாவது குடி என்று கூப்பிட்டாளாம். "இவ்வளவுதான் நடந்துச்சு. இதுல எம்புள்ள எங்கேருந்து வந்தான்?"

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். இமாம் ஷேக் பஷீர் ஆள் அனுப்பியிருக்கிறாராம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, ஊர் முழுக்க நிஸாருக்காக, இறந்தவர்களுக்கு ஓதுகிற ஃபாத்திஹாவை ஓதலாமா என்று கேட்டிருக்கிறாராம். தாயே மனதைத் தேற்றிக்கொண்டாள், இனி ஊர் சும்மா இருக்கக் கூடாது என்று அவருக்கு எண்ணம். "நல்ல மனுஷர். நல்லதுன்னுதான் நெனச்சிருக்கார். ஆனா ஊரே ஒண்ணா கையேந்தி அவன மர்ஹூம்னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் நான் மட்டும் தனியா எப்படிக் காத்துக்கிட்டு இருக்கிறது?"

அவள் போனதும் தோர்ஸாஃப் கண்ணாடியிலிருந்து காகிதத்தைப் பிய்த்தாள். பிறகு கழகத்துக்கு வந்திருந்த பிரதியைக் கணினியில் போட்டு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். முதல் தடவை கண்ணீர் மறைத்த ஒன்று இப்போது தெரிந்தது. 'போதும் மகனே' என்ற பிறகும் மப்ரூக்காவின் உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது. அலையோசை ஏறி அவள் குரலை மூடியது. உடனே படம் வெறும் கடலுக்குத் தாவியது.

சாத்லிக்குத் தொலைபேசி போட்டாள். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே கேட்டார். திரையில் இருப்பதைத்தான் தான் எடைபோட முடியும், திரைக்கு வெளியே நடந்ததை அல்ல என்றார். கடலைப் பார்த்து நின்றவள் திரும்பி மகனே என்கிறாள், அதை வேறெப்படிக் கேட்பது என்று திருப்பிக் கேட்டார்.

"உங்க அம்மா டாக்ஸிக்காரனையும் மகனேன்னுதான உஸ்தாத் கூப்பிடுவாங்க?" என்றாள் தோர்ஸாஃப்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. சிரிப்பு பாதியிலேயே நின்றது. அப்புறம், வெளிவந்த பட்டியல் வெளிவந்ததுதான், வியாழக்கிழமை நேரில் பேசிக்கொள்வோம் என்று வைத்துவிட்டார். ஒவ்வொரு வருடமும் முதல் இடம் பெற்ற படத்தோடு அவர் தலைநகர் துனிஸிலிருந்து வருவார். இளைஞர் மன்ற அரங்கில் படம் போட்டு, முடிந்ததும் விவாதம் நடத்துவார்கள்.

வியாழக்கிழமை மப்ரூக்காவை அரங்குக்கு அழைத்து வரப்போகிறேன் என்று தோர்ஸாஃப் சொன்னதும் லுத்ஃபி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பட்டியலோட சண்ட போடு. வேணாங்கல. ஆறாவது படத்துக்காக நான் போடாத சண்டயா? ஆனா வீட்டுக்கு வர்ற விருந்தாளிய நாலு பேர் முன்னால நிக்க வச்சுக் கேள்வி கேக்கிறது நல்லால்ல, தங்கச்சி. துனிஸ்லேருந்து நம்மளத் தேடி வர்றது அவர் ஒருத்தர்தான். அவரயும் விரட்டிட்டு, நீயும் நானும் உக்காந்து செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"அப்படீன்னா செவுத்தப் பாப்போம், அண்ணே."

"பிடிவாதம்."

"ஆமா."

மப்ரூக்காவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. படித்தவர்கள் நடுவில் தனக்கு என்ன வேலை என்றாள். ஊர் கேட்க வேண்டியதை ஊர் முன்னால்தான் சொல்ல முடியும் என்று தோர்ஸாஃப் எடுத்துச் சொன்னாள். கடைசியில் மப்ரூக்காவிடம் ஒரு கேள்விதான் மிஞ்சியது. நான் எதையாவது சொல்லப்போய் அந்தக் கேமராக்காரப் பிள்ளையின் வேலைக்கு உலை வைத்துவிட மாட்டேனே என்றாள். யாரால் தன் பேச்சு பாதியில் போனதோ அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்காக அவள் கவலைப்பட்டதைப் பார்த்தபோது, எடுத்த காரியத்தைச் செய்தே தீர்வது என்று தோர்ஸாஃபின் மனம் இறுகிவிட்டது.

வியாழக்கிழமை அரங்கு நிரம்பி வழிந்தது. ஷேக் பஷீர்கூட வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மப்ரூக்கா வெளுத்த முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு தோர்ஸாஃபின் பக்கத்தில் இருந்தாள். படத்தின் பேர் திரையில் வந்தபோது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். தோர்ஸாஃப் சொன்னாள். "திரும்பாததுன்னு இவங்களே முடிவு பண்ணிட்டாங்களா?" என்றாள் மப்ரூக்கா.

அந்தக் காட்சி வந்தது. எங்கோ ஒரு விம்மல். முன்வரிசைப் பெண்கள் திரும்பி இருட்டில் மப்ரூக்காவின் முகத்தைத் தேடினார்கள். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்குகள் எரிந்ததும் சாத்லி பேசினார். அழகாகவே பேசினார். பிறகு விவாதம். அந்தக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கை தூக்கியவர் யாரானாலும் பேசலாம். அவராக 'முடிந்தது' என்று சொல்லும்வரை யாரும் குறுக்கே வாய் திறக்கக் கூடாது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஒருமுறை படத்தை விட்டுவிட்டுக் கால்பந்தைப் பற்றி வெகுநேரம் பேசியபோதும் வழக்கத்தை மீறாமல் உட்கார்ந்து கேட்டவர்கள் அவர்கள்.

மப்ரூக்கா கை தூக்கினாள். ஒலிவாங்கி லுத்ஃபியிடம் இருந்தது. அவர் கூரையைப் பார்த்தார். எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்தார். தோர்ஸாஃப் எழுந்து போய் அவர் கையிலிருந்த அதைப் பிடித்தாள். லுத்ஃபி விடவில்லை. அவளும் விடவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் விரல் தளர்ந்தது.

"நான்தான் அந்தப் படத்துல வர்றவ" என்று ஆரம்பித்தாள் மப்ரூக்கா. "என் பேச்சு முடியல. அவங்க முடிச்சுட்டாங்க. மிச்சத்த இப்ப சொல்றேன். அன்னிக்குப் பேய்க்காத்து. என் மூக்கு ஒழுகுது, முக்காடு அவுந்து கெடக்குது. படம் புடிக்கிற புள்ள மழையில நனைஞ்ச கோழி மாதிரி நடுங்கறான். 'போதும் மகனே, கை வெறச்சுப் போச்சு பாரு, உள்ள வா, லப்லாபி சூப்பு சூடா இருக்கு, குடிச்சுட்டு வந்து புடி'ன்னேன். வந்து உக்காந்து ரெண்டு கிண்ணம் குடிச்சான். இன்னுங் கொஞ்சம் கொண்டக்கடலை போடுங்கன்னு கேட்டு வேற வாங்குனான். அல்லாஹ் அவனுக்குப் பரக்கத் குடுக்கட்டும்."

அரங்கில் சிரிப்பு எழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"என் மகன்கிட்ட நான் போதும்னு சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

சாத்லி பேச எழுந்தார். தோர்ஸாஃப் கையை நீட்டித் தடுத்தாள். "அவங்க இன்னும் முடிந்ததுன்னு சொல்லல, உஸ்தாத்."

துனிஸிலிருந்து வந்த பெரிய மனிதர் எழுந்து நின்றபடியே நின்றார். மப்ரூக்காவுக்கு அந்த வழக்கம் தெரியாது. எல்லாரும் தன்னையே பார்ப்பது எதற்கென்று புரியாமல் முழித்தாள். பிறகு, "பாவம், நிக்கிறாரே, பேசட்டும்" என்றாள்.

சாத்லியின் குரலில் மேடைப் பேச்சின் மெருகு இப்போது இல்லை. "அம்மா, நான் அந்தக் காட்சியப் பாத்து அழுதேன். அது பொய் இல்ல."

"அழுங்க தம்பி, வேண்டாங்கல. அவன் செத்துட்டான்னு அழாதீங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் பின்வாங்கவில்லை. நடந்தது தெரிந்த பிறகும் அந்தப் படத்தைவிட வலுவான படம் இந்த வருடம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன், முதல் இடத்திலிருந்து அதை இறக்க என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார். தான் எழுதிய அந்தப் பத்தி தப்பு என்று மட்டும் ஒத்துக்கொண்டார். அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர்.

"உங்க பட்டியல் உங்களோடது, உஸ்தாத். அங்க அது மொதல்லயே இருக்கட்டும்" என்றாள் தோர்ஸாஃப். அதோடு நிறுத்தவில்லை. "எங்க பட்டியல்ல அதுக்கு எடம் இல்ல. ஒரு தாய் பசியாத்துனதை வெட்டிப் போட்டுட்டு, அவ கண்ணீர மட்டும் எடுத்து வச்சுக்கிட்ட படம் அது. எவ்வளவு அழகா இருந்தாலும் நல்ல படம்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க அடுத்த வருஷம் வராட்டியும் சொல்ல மாட்டேன்."

லுத்ஃபி கண்ணை மூடிக்கொண்டார். கைதட்ட வேண்டுமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. தட்டவும் இல்லை.

அப்போது கடைசி வரிசையில் ஷேக் பஷீர் எழுந்தார். அந்தப் பத்தியைக் கேட்டுவிட்டு அவசரப்பட்டது தன்னுடைய பிழை, ஒரு தாயிடம் கேட்டிருக்க வேண்டியதைக் காகிதத்திடம் கேட்டுவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பிறகு, ஏதோ பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பேசுகிறவர் போல, சாதாரணமாகக் கேட்டார்.

"மப்ரூக்கா, நாளைக்கு ஜும்ஆவுல நான் என்னதான் கேக்கட்டும்?"

"பயணம் போனவங்களுக்கு என்ன கேப்பீங்களோ, அதக் கேளுங்க" என்றாள் அவள்.

மறுநாள் பெண்கள் பகுதியில் தோர்ஸாஃப் அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். சுற்றியிருந்தவர்களில் சிலர் இன்னும் இரக்கமாகத்தான் பார்த்தார்கள். மனித மனம் ஒரே நாளில் திரும்பிவிடாது. தொழுகை முடிந்ததும் ஷேக் பஷீர் கை ஏந்தினார். நிலத்தில் போகிறவர்களுக்கும் நீரில் போகிறவர்களுக்கும் வழி லேசாகட்டும் என்றார். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கதவு திறக்கட்டும், குளிரில் நிற்பவர்களை யாராவது உள்ளே கூப்பிடட்டும் என்றார். மப்ரூக்காவின் மகன் நிஸார் என்று பேரைச் சொன்னார். பேருக்கு முன்னால் எதையும் சேர்க்கவில்லை.

ஊர் ஆமீன் சொல்வதற்கு முன்பே மப்ரூக்கா சொல்லிவிட்டாள், ஆண்கள் பகுதிவரை கேட்கும்படியாக.